இருபது நிமிடப் பாட்டும் மூன்றரை நிமிட சிங்கிளும்: புரோகிரசிவ் ராக் குழுவுக்கு ஒரு கைநூல்

நீண்ட, சிக்கலான பாட்டுகளை எழுதும் புரோகிரசிவ் ராக் குழுவிடம் லேபிளோ (பாட்டுகளை வெளியிடும் நிறுவனம்) மேனேஜரோ கேட்பது பெரும்பாலும் மூன்றே விஷயங்கள்தான். பாட்டு குறுக வேண்டும். கோரஸ் சீக்கிரம் வர வேண்டும். போன முறை விற்ற ஆல்பம் எப்படி ஒலித்ததோ, இந்த முறையும் அப்படியே ஒலிக்க வேண்டும். முதல் இரண்டுக்கும் இசை கெடாமல் இடம்கொடுக்க வழி உண்டு. மூன்றாவதற்கு இடம்கொடுத்த குழுக்கள் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு வேறு குழுவாகிவிடுகின்றன.

எதை விட்டுக்கொடுக்கலாம் என்பதைவிட எப்போது விட்டுக்கொடுக்கலாம் என்பதுதான் முக்கியம். பாட்டு எழுதி, ஒத்திகை பார்த்து, பதிவு செய்து முடிக்கும் வரை வெளியாள் யாருக்கும் அதில் பேச்சுரிமை இருக்கக் கூடாது. பதிவு முடிந்தபிறகு வெட்டுவது, ஒட்டுவது, வரிசை மாற்றுவது, அட்டை, விலை, எந்தப் பாட்டு முதலில் வெளிவரும் என்பது எல்லாமே பேசித் தீர்க்கக்கூடியவை.

அமெரிக்கக் குழுவான ட்ரீம் தியேட்டரின் 1997 ஆல்பமான 'ஃபாலிங் இன்டு இன்ஃபினிட்டி'யில் இந்த எல்லை எழுதும் கட்டத்திலேயே மீறப்பட்டது. இரட்டை ஆல்பத்துக்கான பாட்டுகள் குழுவின் கையில் இருந்தன. லேபிள் ஒற்றை ஆல்பம் போதும் என்றது. ஒரு பாட்டைத் திருத்தி எழுத ஹிட் பாடலாசிரியர் டெஸ்மண்ட் சைல்டு அழைத்துவரப்பட்டார். வந்த ஆல்பம் பழைய ரசிகர்களையும் முழுதாகத் திருப்திப்படுத்தவில்லை, புதியவர்களையும் திரட்டவில்லை. அடுத்த ஆல்பத்தில் யாரும் தலையிடக் கூடாது என்று குழு உறுதியாக நின்று, 1999-இல் முழுநீளக் கதை ஆல்பம் ஒன்றைத் தந்தது. அவர்களின் பெயரை நிலைநிறுத்திய ஆல்பங்களில் அது ஒன்று.

கனடாவின் ரஷ் செய்தது வேறு. 1975-இல் வந்த 'கரெஸ் ஆஃப் ஸ்டீல்' விற்கவில்லை. குறும்பாட்டுகள் வேண்டும் என்று அழுத்தம் வந்தது. 1976-இல் வந்த '2112'-இன் முதல் பக்கம் முழுக்க 20 நிமிடத்தைத் தாண்டும் ஒரே தொடர்ப்பாட்டு. மறுபக்கத்தில் ஐந்து பாட்டுகள், ஒன்றுகூட நான்கு நிமிடத்தை எட்டாது. அந்த ஆல்பம்தான் அவர்களைத் தூக்கிவிட்டது. நீளப்பாட்டைச் சுருக்காமல், அதற்குப் பக்கத்திலேயே குறும்பாட்டுகளுக்கு இடம் ஒதுக்கினார்கள். புதிய குழு ஒன்று முதலில் பின்பற்ற வேண்டிய ஏற்பாடு இதுதான்.

ஆல்பத்தை அடுக்குதல்

40 நிமிட எல்.பி. (இருபக்க இசைத்தட்டு) என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 அங்குல 33⅓ சுழற்சித் தட்டில் ஒரு பக்கத்துக்கு 18 முதல் 20 நிமிடம் வரை வசதியாக அடங்கும். 22 நிமிடத்தைத் தாண்டினால் பள்ளங்களை நெருக்கிச் செதுக்க வேண்டும்; அதற்காக ஒலி அளவைக் குறைப்பார்கள், பேஸ் மெலியும், தட்டின் இரைச்சல் மேலெழும்.

நீளப்பாட்டு எழுதுபவர்கள் அடிக்கடி மறக்கும் சங்கதி வேறொன்று. தட்டின் வெளி விளிம்பில் ஊசி வினாடிக்குச் சுமார் 51 செ.மீ. ஓடுகிறது, நடுவில் ஒட்டிய பெயர்த்தாளை நெருங்கும்போது சுமார் 21 செ.மீ.தான். அதே உயர் சுருதி, பாதிக்கும் குறைவான இடத்தில் செதுக்கப்படுகிறது. அதனால் சிம்பலும் 'ச', 'ஸ' ஓசைகளும் உள்பள்ளத்தில் கரகரக்கும். புரோகிரசிவ் தொடர்ப்பாட்டின் உச்சமோ எப்போதும் கடைசியில்தான் வரும்: முழு டிரம்ஸ், கோரஸ் அடுக்கு, மெலட்ரான் (நாடாவில் பதிந்த வாத்திய ஒலிகளை எழுப்பும் கீபோர்டு), எல்லாம் சேர்ந்து. தட்டில் மிக மோசமான இடத்தில் பாட்டின் மிகச் சத்தமான பகுதி வந்து உட்கார்ந்துவிடுகிறது.

இதற்கு மூன்று தீர்வுகள் உண்டு. பக்கத்தை 18 நிமிடத்துக்குள் நிறுத்துவது முதல் வழி. உச்சத்துக்குப் பிறகு ஒன்றரை நிமிடம் அமைதியான முடிவு எழுதி, உள்பள்ளத்தை அதற்கு விட்டுக்கொடுப்பது இரண்டாவது. இசையாகவும் அது நன்றாகவே இருக்கும். இரண்டும் முடியாவிட்டால் தட்டு வெட்டுபவரிடம் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள பேஸை மோனோவாக்கி, குரலின் 'ஸ' ஓசையை அடக்கச் சொல்லுங்கள். மாஸ்டரிங்குக்கு (வெளியீட்டுக்கு முன் ஒலியை இறுதியாகச் சீர்செய்யும் வேலை) அனுப்பும் கடிதத்திலேயே 'இது எல்.பி.யாக வரும், உச்சம் 17-ஆவது நிமிடத்தில்' என்று எழுதிவிடுங்கள். சிடிக்கு மாஸ்டர் செய்த கோப்பையே தட்டுக்கும் அனுப்பினால் பிரச்சினை நிச்சயம்.

சிங்கிள் வெட்டும் முறை

யெஸ் குழுவின் 'ரவுண்டபவுட்' 1971 ஆல்பத்தில் எட்டரை நிமிடம். அமெரிக்காவில் தனிப்பாட்டாக வெளிவந்த சிங்கிளில் 3 நிமிடம் 27 வினாடி. 1972-இல் அது பில்போர்டு பட்டியலில் 13-ஆம் இடம் வரை போனது, ஆல்பத்தையும் இழுத்துக்கொண்டு போனது. முழுப்பாட்டு ஆல்பத்தில் அப்படியே இருந்தது. வெட்டுவது துரோகம் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு உதாரணத்தை நினைவில் வைத்தால் போதும்.

ஒற்றைப்படைத் தாளம் சிங்கிளுக்கு ஆகாது என்பதும் பொய். பிங்க் ஃப்ளாய்டின் 'மணி' பெரும்பகுதி ஏழு எண்ணிக்கையில் ஓடுகிறது. 1973-இல் அதுவும் அமெரிக்காவில் 13-ஆம் இடம் பிடித்தது. பேஸ் ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்துண்டு) வாயால் முணுமுணுக்க முடிகிறது என்பதே போதுமானதாக இருந்தது. ஆகவே ஏழை நாலாக்க யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். ரிஃபை இன்னும் தெளிவாக்கச் சொன்னால் காதுகொடுத்துக் கேளுங்கள்.

இப்போது வேலை. ஒன்பது நிமிடப் பாட்டு ஒன்றின் அமைப்பு இப்படி என்று கொள்வோம்: முன்னிசை 1:10, முதல் சரணம் 0:45, கோரஸ் 0:30, ரிஃப் 0:40, இரண்டாம் சரணம் 0:45, கோரஸ் 0:30, நடுவில் வாத்திய இசை 2:50, மூன்றாம் சரணம் 0:40, இறுதிக் கோரஸும் முடிவும் 1:10. ரிஃப் 7/8-இல், வேகம் நிமிடத்துக்கு 140 கால்சுரம் (ஒரு 7/8 வட்டத்தில் மூன்றரை கால்சுரம்). அப்படியானால் ஒரு தாளவட்டம் சரியாக ஒன்றரை வினாடி; எட்டு வட்டம் 12 வினாடி. வெட்டுகளையெல்லாம் இந்த வட்டக் கணக்கில் போடுங்கள், வினாடிக் கணக்கில் போடாதீர்கள்.

முன்னிசையில் கடைசி எட்டு வட்டம் மட்டும், 12 வினாடி. முதல் சரணமும் கோரஸும் முழுதாக, 1:27 ஆகிறது. ரிஃப் மீண்டும் எட்டு வட்டம், 1:39. இரண்டாம் சரணம், கோரஸ், 2:54. நடு இசையிலிருந்து 16 வட்டம், அதாவது 24 வினாடி, 3:18. மூன்றாம் சரணம் போகட்டும். இறுதிக் கோரஸ் 36 வினாடியில் முடிந்தால் மொத்தம் 3:54.

அந்த 24 வினாடியில்தான் குழுவின் முகம் இருக்கிறது. நடு இசையில் மிக எளிதான பகுதியை எடுத்து வைப்பதுதான் வழக்கம். எங்கள் கருத்தில் அது தவறு. மிக விசித்திரமான பகுதியை வையுங்கள். வாத்திய இசையை அறவே நீக்கிய சிங்கிளைக் கேட்டு ஆல்பம் வாங்குபவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். அந்த இசையை விரும்பக்கூடியவரோ அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் போய்விடுவார்.

வெட்டு கெட்டுப்போகும் இடங்கள் அநேகமாக இவைதான். முந்தைய பகுதியின் சிம்பல் அதிர்வு வெட்டுமிடத்தில் சட்டென்று அறுபடும். சுருதி மாறிய பகுதி நீங்கிவிட, அடுத்த பகுதி காரணமில்லாமல் வேறு சுருதியில் தொடங்கும். கிளிக் (காதில் ஓடும் தாள ஒலி) இல்லாமல் பதிவு செய்த பாட்டில் ஆறாவது நிமிடம் முதல் நிமிடத்தைவிட வேகமாக இருக்கும், ஒட்டிய இடத்தில் கால் இடறும். மூன்றாம் சரணம் போனதால் கதையில் ஒரு ஆள் காணாமல் போவார்.

முதல் மூன்றையும் ஸ்டுடியோவிலேயே தடுக்கலாம். பாட்டின் முழு டேக் கிடைத்தபிறகு, மைக் நிலை எதையும் மாற்றாமல், இன்னும் அரைமணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டி ஒட்டப்போகும் இணைப்புகளைக் குழுவாக அப்படியே வாசியுங்கள்: கோரஸிலிருந்து நேரே எட்டு வட்ட ரிஃபுக்கு, ரிஃபிலிருந்து இரண்டாம் சரணத்துக்கு, நடு இசையிலிருந்து இறுதிக் கோரஸுக்கு. ஒவ்வொன்றும் இரண்டு முறை. இறங்கும் வட்டத்தில் டிரம்மர் கிராஷ் சிம்பலை அடித்து ஆறேழு வினாடி தானாக ஓயவிட வேண்டும். சுருதி மாற்றம் நீங்கும் இடத்துக்கு ஒரு வட்ட டிரம் ஃபில் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். காது அந்த ஒன்றரை வினாடியில் பழைய சுருதியை விட்டுவிடும். கடைசியாக, தெளிவாக நிற்கும் ஒரு முடிவு. ஃபேடவுட் செய்தால் (ஒலியை மெல்ல மங்கவிட்டு முடித்தால்) அந்த முடிவு தேவையில்லை.

மாஸ்டர் செய்த ஸ்டீரியோ கோப்பை வெட்டக் கூடாது. டிரம்ஸ், பேஸ், கிட்டார், கீபோர்டு, குரல் எனத் தனித்தனி ஒலிக்கோப்புகளாக (ஸ்டெம்களாக) எடுத்து வெட்டி, பிறகு மாஸ்டர் செய்ய வேண்டும். ஸ்டெம்களில் ஒவ்வொன்றையும் வேறு வேறு இடத்தில் வெட்டலாம்: டிரம்ஸ் வட்டத்தின் முதல் அடியில், குரலின் எதிரொலி அரை வட்டம் தாண்டி. டிரம்ஸுக்கு 5 மில்லிவினாடி, நீண்ட கீபோர்டு சுரங்களுக்கு 50 முதல் 200 மில்லிவினாடி கிராஸ்ஃபேடு (ஒன்று மங்க மற்றது எழும் இணைப்பு) போதும்.

தொடர்ந்து ஓடும் ஆல்பம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். மாரில்லியனின் 1985 ஆல்பம் 'மிஸ்ப்ளேஸ்டு சைல்டுஹுட்' பக்கத்துக்கு ஒரே ஓட்டம், பாட்டுகளுக்கு நடுவே நிறுத்தம் கிடையாது. ஆனாலும் அதிலிருந்து எடுத்த 'கேலீ' பிரிட்டனில் இரண்டாம் இடம் பிடித்தது. அடுத்த சிங்கிளான 'லாவெண்டர்' ஆல்பத்தில் இரண்டரை நிமிடத்துண்டு. அதை நீட்டித் தனி வடிவமாக்கினார்கள். சிங்கிளுக்காக நீட்டுவதும் உண்டு என்பதை இதில் கவனியுங்கள். ஓட்ட ஆல்பம் எழுதும்போது இரண்டு இடங்களிலாவது தனியாகத் தொடங்கித் தனியாக முடியக்கூடிய பாட்டுகளை வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

அழுத்தம் தொலைபேசியில் வருவதற்கு முன் காகிதத்தில் வந்துவிடுகிறது. நீங்கள் ஒப்படைக்கும் பதிவு 'வணிக ரீதியாகத் திருப்தியளிக்க வேண்டும்' என்றிருந்தால், விற்காது என்று அவர்கள் நினைக்கும் எதையும் திருப்பி அனுப்பலாம், பணத்தை நிறுத்தலாம். 'தொழில்நுட்ப ரீதியாகத் திருப்தியளிக்க வேண்டும்' என்று மாற்றச் சொல்லுங்கள். ஒரு சொல்தான், மொத்த ஒப்பந்தத்தில் இதற்காக மட்டுமாவது வழக்கறிஞருக்குப் பணம் கொடுக்கலாம்.

எடிட்டுக்கு எழுத்துமூலம் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்ற வரியும், லேபிள் பத்து வேலைநாளில் பதில் பெறாவிட்டால் ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்ளலாம் என்ற வரியும் சேர்ந்தே வரட்டும். இரண்டாவது வரி இருந்தால் முதல் வரிக்கு அவர்கள் எளிதில் சம்மதிப்பார்கள்.

ஆல்பங்களின் எண்ணிக்கையையும் பாருங்கள். எமர்சன் லேக் அண்ட் பாமர் 1978-இல் 'லவ் பீச்' ஆல்பத்தைத் தந்தது ஒப்பந்தக் கடனைத் தீர்க்க. கேட்டால் தெரியும். ஒரு ஆல்பம் உறுதி, மேலே இரண்டுக்கு லேபிளுக்கு விருப்புரிமை, அதற்குமேல் வேண்டாம். மாஸ்டர் உரிமை (மூலப் பதிவின் உரிமை) குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பின் குழுவுக்குத் திரும்ப வேண்டும். கிங் கிரிம்சனின் ராபர்ட் ஃபிரிப் 1992-இல் தொடங்கிய டிஸிப்ளின் குளோபல் மொபைல், பதிப்புரிமை கலைஞரிடமே இருக்கும் என்பதையே கொள்கையாக வைத்தது.

அமெரிக்கச் சந்தை இருந்தால் நீளப்பாட்டுக் குழுவைத் தனியாகக் கடிக்கும் ஒரு விதி உண்டு. பாட்டெழுதியவருக்கு ஒரு பிரதிக்குச் சேர வேண்டிய சட்டப்படியான தொகை 2006 முதல் 2022 வரை பாட்டுக்கு 9.1 சென்ட், ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் நிமிடத்துக்கு 1.75 சென்ட். பிறகு தொகை உயர்ந்தது, முறை அதேதான். 20 நிமிடப் பாட்டுக்கு அந்தக் கணக்கில் 35 சென்ட். ஆனால் பல லேபிள் ஒப்பந்தங்கள் நிமிடக் கணக்கை நீக்கி, பாட்டுக்கு இவ்வளவு, அதிலும் முக்கால் பங்குதான் என்று போட்டுவிடும். மூன்று பாட்டு கொண்ட ஆல்பத்துக்கு மூன்று பாட்டுக் கூலிதான் வரும். நிமிடக் கணக்கு செல்லும் என்று எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் குறைந்தது பத்துப் பாட்டுக்கான தொகையாவது கேளுங்கள்.

முன்பணம் எவ்வளவு வாங்குவது? தேவைப்படும் மிகக்குறைந்த தொகை. ஒரு மாதிரிக் கணக்கு: முன்பணம் 10 லட்சம் ரூபாய், ஒரு பிரதியில் லேபிளுக்கு வருவது 500 ரூபாய், உங்கள் பங்கு 15 சதவீதம், அதாவது 75 ரூபாய். முன்பணம் உங்கள் பங்கிலிருந்தே கழியும்; அந்தக் கடன் தீர 13,334 பிரதி விற்க வேண்டும். அதற்குள் லேபிள் கையில் 66 லட்சத்துக்கு மேல் வந்திருக்கும். உங்களுக்கு இன்னும் முதல் ரூபாய் வந்திருக்காது. கடனில் இருக்கும் குழுவிடம்தான் கோரஸை முன்னால் கொண்டுவரச் சொல்வார்கள்.

ரசிகரின் பணத்தில் ஆல்பம்

மாரில்லியன் இன்னொரு வழியைக் காட்டியது. 1997-இல் அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்குப் பணமில்லை என்றதும் ரசிகர்களே இணையம் வழியாகச் சுமார் 60,000 டாலர் திரட்டினார்கள். அதைப் பார்த்த குழு 2001-இல் 'அனோரக்னோஃபோபியா' ஆல்பத்தை எழுதும் முன்பே ரசிகர்களிடம் முன்பதிவு கேட்டது. 12,000-க்கும் மேற்பட்டோர் பணம் கட்டினர். கிக்ஸ்டார்ட்டர் வருவதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன். உரிமை குழுவிடம் இருந்தது, விநியோகத்துக்கு மட்டும் பெரிய லேபிளைப் பயன்படுத்தியது.

இதைச் செய்யக் கணக்கு எளிது. மொத்தச் செலவை ஒரு பிரதியில் மிஞ்சும் தொகையால் வகுக்க வேண்டும். ஸ்டுடியோ, மிக்ஸ், மாஸ்டரிங், அட்டை ஓவியம் எல்லாம் சேர்ந்து 6 லட்சம் என்போம். சிறப்புப் பதிப்பின் விலை 1,500. தயாரிப்பு 450, பொதி 60, அஞ்சல் 140, தளக் கட்டணமும் வங்கிக் கட்டணமும் 150. மிஞ்சுவது 700. 858 பேர் வேண்டும். உங்கள் மின்னஞ்சல் பட்டியலில் எத்தனை பேர் முன்பு உண்மையில் வாங்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள். சமூக ஊடகப் பின்தொடர்வோர் எண்ணிக்கையை இதற்கு நம்ப வேண்டாம்.

இந்த வகைத் திட்டங்கள் கவிழ்வது பெரும்பாலும் அஞ்சல் செலவில். 180 கிராம் தட்டுகள் இரண்டு, மடிப்பு அட்டை, பெட்டி சேர்ந்தால் முக்கால் கிலோவைத் தாண்டும்; வெளிநாட்டுக் கட்டணம் தட்டின் தயாரிப்புச் செலவையே மிஞ்சலாம். ஒரு மாதிரிப் பொதியைக் கட்டி எடைபோட்டபிறகே விலை அறிவியுங்கள். தட்டு அச்சாக மாதக்கணக்கில் ஆகும் என்பதால் டிஜிட்டல் பிரதியை முன்பதிவு செய்தவருக்கு முதலில் கொடுத்துவிடுவது நல்லது. பணம் நேரே உங்கள் கணக்குக்கு வர வேண்டும்: பிளெட்ஜ்மியூசிக் தளம் 2019-இல் நொடித்தபோது, ரசிகர்கள் கட்டிய பணம் பல கலைஞர்களுக்கு வந்து சேரவேயில்லை.

ஸ்ட்ரீமிங்கில் தொடர்ப்பாட்டு

ஸ்பாட்டிஃபையில் 30 வினாடி கேட்டால் ஒரு எண்ணிக்கை. மூன்று நிமிடப் பாட்டும் இருபது நிமிடப் பாட்டும் அங்கே ஒன்றே. அதனால் தொடர்ப்பாட்டைத் துண்டுகளாக்க ஆசை வரும். ட்ரீம் தியேட்டர் 2002-இல் 42 நிமிடத் தொடர்ப்பாட்டைச் சிடியில் எட்டுத் தடங்களாகப் பிரித்தது. ஆனால் 2024 முதல், 12 மாதத்தில் 1,000 முறை கேட்கப்படாத தடத்துக்கு ஸ்பாட்டிஃபை பணம் தருவதில்லை. சிறிய குழு எட்டாகப் பிரித்தால் பின்பாதித் துண்டுகள் அந்தக் கோட்டைத் தொடாமல் போகலாம். மூன்று அல்லது நான்கு துண்டு, இசை தானே மூச்சுவிடும் இடத்தில், போதும்.

துண்டுகளின் எல்லை சிடிக்கு 588 மாதிரிகளின் (டிஜிட்டல் ஒலியின் மிகச்சிறு அளவீடுகள்) மடங்கில் விழ வேண்டும். இல்லாவிட்டால் இணைப்பில் டிக் என்ற ஓசையோ நொடி மௌனமோ வரும். வேவ் அல்லது ஃபிளாக் கோப்பாகவே கொடுங்கள். மெல்லிய இடையிசையைத் தனித் தடமாக விடாதீர்கள்: ஆல்பமாகக் கேட்டால் ஒலி அளவு ஆல்பம் முழுமைக்கும் சேர்த்து சரிசெய்யப்படும், கலைத்துப் போட்டுக் கேட்டால் ஒவ்வொரு தடமும் தனித்தனியே மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) அளவை நோக்கி உயர்த்தப்படும், உங்கள் கிசுகிசுப்பு கத்தலாகிவிடும்.

நீளத்தைக் கண்டு அஞ்சவும் வேண்டாம். டூல் 2019-இல் வெளியிட்ட 'ஃபியர் இனாக்குலம்' தலைப்புப் பாட்டு பத்து நிமிடத்தைத் தாண்டியும் பில்போர்டு ஹாட் 100-இல் நுழைந்தது. அதுவரை அந்தப் பட்டியல் கண்டதிலேயே நீளமான பாட்டு அது.

குழுவுக்குள்

வெளி அழுத்தத்தைவிடக் குழுவை வேகமாக உடைப்பது பாட்டுரிமைப் பங்கு. ஒருவர் பெயரில் மட்டும் உள்ள பாட்டு சிங்கிளானால் வருமானம் அவருக்கே போகிறது. அடுத்த ஆல்பத்துக்கு ஐந்து பேரும் ஐந்து சிங்கிளோடு வருவார்கள், 18 நிமிடப் பாட்டை யாரும் எழுத மாட்டார்கள். ஜெனசிஸ் 1970-களின் முற்பாதியில் ஆல்பப் பாட்டுகளை எல்லாருடையதாகவே பதிவு செய்தது. தனித்தனிப் பெயர்கள் 1976-இலிருந்து வந்தன. தொடக்கத்தில் சமபங்கே சிறந்தது. பேனா பிடித்தவருக்கு மனம் வரவில்லையென்றால் பாதியைச் சமமாகவும் மீதியை எழுதியவருக்கும் பிரிக்கலாம். முதல் ஒத்திகை மாதத்திலேயே கையெழுத்துப் போடுங்கள். பணம் வந்தபிறகு இந்தப் பேச்சு நடக்காது.

மேடையில் 40 நிமிட விழா நேரம் கிடைத்தால் சிங்கிளை எடிட் வடிவில் இரண்டாவதாக வாசித்துவிட்டு, நீளப்பாட்டை முழுதாகக் கடைசிக்கு வையுங்கள். முதலில் வைத்தால் மேடை ஒலியமைப்பாளர் சமன்செய்து முடிப்பதற்குள் நுணுக்கமான பகுதி கடந்துவிடும். அட்டவணை தாமதித்து உங்கள் நேரத்தை வெட்டினால், நடுவே இருக்கும் குறும்பாட்டுகளை விடுங்கள். எந்த இரண்டை விடுவது என்பதைப் பாட்டுப் பட்டியலிலேயே நட்சத்திரக்குறி போட்டு வைத்துக்கொண்டால் மேடையில் கூடி நின்று பேச வேண்டியதில்லை.